ஜெனீவா போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சுவிட்சர்லாந்துப் பயணத்துக்குத் திட்டமிடுகிறவர்கள் ஜெனீவாவைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. கட்டணமும் திறப்பு நேரமும் மாறக்கூடியவை என்பதால் கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜெனீவாவில் பார்க்க ஒன்றுமில்லை, இறங்கியதும் இன்டர்லாக்கனுக்கு ரயில் ஏறிவிடுங்கள் என்கிறார்களே?

அப்படிச் சொல்கிறவர்களில் பலர் குழுச் சுற்றுலாவில் வந்து, நீரூற்றின் முன் ஒரு படம், பூக்கடிகாரத்தின் முன் ஒரு படம் எடுத்துக்கொண்டு மறுபடி பேருந்தில் ஏறியவர்கள். ஒரு மணி நேரத்தில் எந்த ஊரும் பிடிபடாது. பனிமலை உச்சிக்கு ரயிலில் போக ஆசை என்றால் இன்டர்லாக்கன் பக்கம் கட்டாயம் போங்கள். அதற்காக ஜெனீவாவை விட்டுவிட வேண்டாம்.

இது தண்ணீரின் ஊர். கிழக்குக் கோடியில் ஏரிக்குள் நுழையும் ரோன் ஆறு, மேற்குக் கோடியில் இந்த நகரத்தின் நடுவில்தான் மறுபடி ஆறாக வெளியேறுகிறது. குளிப்பது, படகேறுவது, துறையில் உட்கார்ந்து சாப்பிடுவது, ஆற்றோடு மிதந்து போவது என்று ஊர்க்காரர்களின் கோடை முழுக்கத் தண்ணீரில்தான் கழிகிறது. கடைத்தெருவில் மட்டும் சுற்றினால் கைக்கடிகாரக் கடைகளும் வங்கிகளும்தான் கண்ணில் படும். ஜெனீவாவில் நல்லதெல்லாம் தண்ணீரோரம் இருக்கிறது, அதில் பெரும்பகுதிக்குக் காசும் கிடையாது.

கேள்வி: எத்தனை நாள் ஒதுக்கலாம்?

இரண்டு முழு நாள் குறைந்தபட்சம். மூன்று நாள் கிடைத்தால் ஒரு நாளைப் படகுக்கே கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: எந்த மாதம் நல்லது?

ஜூன் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை. ஜூலை, ஆகஸ்டில் ஏரித் தண்ணீர் 20 டிகிரிக்கு மேல் போகும், குளிக்க வசதி. கூட்டம் வேண்டாம் என்றால் செப்டம்பர்தான் என் தேர்வு. வெயில் இதமாக இருக்கும், மலைகளும் தெளிவாகத் தெரியும்.

நவம்பர் முதல் ஜனவரி வரை பல நாட்கள் ஊர் மேல் சாம்பல் நிற மேகம் மூடிபோல் படிந்து கிடக்கும். கூடவே ‘பீஸ்’ என்று ஊர்க்காரர்கள் சொல்லும் வடகிழக்குக் காற்று ஏரியின் நீளம் முழுக்க ஓடிவந்து நகரத்தின் மேல் மோதும். 2012 பிப்ரவரியில் இந்தக் காற்று வாரியடித்த ஏரித் தண்ணீர், பக்கத்து ஊரான வெர்சுவாவில் கரையோரம் நிறுத்தியிருந்த கார்களின் மேல் அப்படியே உறைந்து, கார்களே தெரியாத அளவுக்குப் பனிக்கட்டி மூடிவிட்டது. குளிர்காலத்தில் போனால் காதை மூடும் குல்லாவும், காற்றைத் தடுக்கும் மேலுடையும் இல்லாமல் கரையில் நிற்க முடியாது.

குளிர்காலத்திலும் ஒரு நல்ல சமயம் உண்டு. 1602 டிசம்பர் 11 இரவு சவாய் பிரபுவின் படை ஏணி வைத்து மதிலேறி நகரத்தைப் பிடிக்க வந்து தோற்றுப்போனது. ஒரு மூதாட்டி கொதிக்கும் சூப் அண்டாவை வீரர்கள் தலையில் கவிழ்த்தார் என்பது ஊர்க்கதை. அதன் நினைவாக டிசம்பர் இரண்டாம் வார இறுதியில் எஸ்கலாட் விழா நடக்கும். கடைகளில் சாக்லேட்டில் செய்த அண்டாக்கள் வந்துவிடும், உள்ளே பாதாம் மாவில் செய்த குட்டிக் காய்கறிகள். வீட்டில் மூத்தவரும் இளையவரும் சேர்ந்து அதைக் குத்தி உடைப்பார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் ஒன்று வாங்கி அறையிலேயே உடைத்துப் பார்க்கலாம்.

கேள்வி: விசா?

ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்துக் கொடுக்கும் ஷெங்கன் விசா போதும். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு இரண்டுக்கும் அது தேவை. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். எல்லா நாட்டிலும் சம நாட்கள் என்றால் முதலில் நுழையும் நாட்டுக்கு. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 2024 ஜூனிலிருந்து இதுதான். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடைக்குப் போகிறவர்கள் கடைசி மாதம் வரை தள்ளிப்போடாதீர்கள், விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பதே சிரமமாகிவிடும். எல்லைக்கு அப்பால் இருக்கும் பிரான்சும் ஷெங்கன்தான், தனி விசா வேண்டாம். ஆனால் அந்தப் பக்கம் போகும்போது கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும்.

கேள்வி: கை கடிக்கும் ஊராமே?

தங்குவதும் ஓட்டலில் சாப்பிடுவதும் கடிக்கத்தான் செய்யும். சாதாரண உணவகத்தில் ஒரு தட்டுச் சாப்பாடு 25, 30 பிராங்க் ஆவது சகஜம். மற்றதில் நன்றாகவே மிச்சம் பிடிக்கலாம்.

முதலாவது, போக்குவரத்து. ஓட்டல், விடுதி, முகாம் எதில் தங்கினாலும் தங்கும் நாட்களுக்கு நகரப் போக்குவரத்து அட்டை இலவசம். வரும் முன்பே அதற்கான இணைப்பை அனுப்புவார்கள், கைப்பேசியில் இறக்கிக்கொள்ளலாம். டிராம், பேருந்து, மஞ்சள் படகு, விமான நிலையத்திலிருந்து கோர்னவன் ரயில் நிலையம் வரும் ரயில் எல்லாம் இதில் அடங்கும். இணைப்பு வரவில்லை என்றால் கூச்சப்படாமல் ஓட்டலுக்கு எழுதிக் கேளுங்கள். தனியார் வீடுகளை வாடகைக்கு எடுக்கும்போது இது கிடைக்குமா என்று பணம் கட்டும் முன் விசாரித்துவிடுங்கள்.

இரண்டாவது, தண்ணீர். தெருவோரக் குழாய் நீரூற்றுகளில் குடிக்கக் கூடாது என்று எழுதியிருந்தால் தவிர, தாராளமாகப் பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம். ஒரு பாட்டிலுக்குக் கடையில் கொடுக்கும் காசு நாலு பேர் குடும்பத்துக்கு நாலு நாளில் கணிசமாகச் சேரும்.

மூன்றாவது, மிக்ரோ, கோப் போன்ற பேரங்காடிகள். ரொட்டி, பாலாடைக்கட்டி, தயிர், பழம், சாலட் வாங்கிக்கொண்டு ஏரிக்கரைப் பூங்காவில் உட்கார்ந்து சாப்பிடுவதை அங்கே யாரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பதில்லை. மதிய நேரம் அலுவலகக்காரர்களே அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

கேள்வி: அந்தப் பெரிய நீரூற்றில் அப்படி என்ன விசேஷம்?

உயரம் 140 மீட்டர். ஒரு நொடிக்கு 500 லிட்டர் தண்ணீர் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் மேலே போகிறது. எந்த நேரத்திலும் சுமார் 7 டன் தண்ணீர் ஆகாயத்தில் இருக்கும். இந்த எண்களை எல்லாக் கையேடும் சொல்லும். எனக்கு அதைவிடப் பிடித்தது இது பிறந்த கதை.

அழகுக்காக இதை யாரும் கட்டவில்லை. 1886இல் ரோன் ஆற்றின் மேல் கூலுவ்ரெனியேர் என்ற இடத்தில் ஒரு நீரேற்று நிலையம் கட்டினார்கள். அங்கிருந்து அழுத்தத்தோடு குழாயில் வரும் தண்ணீர்தான் ஊரின் கடிகார, நகைப் பட்டறைகளின் இயந்திரங்களை ஓட்டியது. மாலையில் பட்டறைகள் வேலையை முடித்து ஒவ்வொன்றாக இயந்திரத்தை நிறுத்தும்போது குழாயில் அழுத்தம் சட்டென்று ஏறிவிடும். அதை வெளியேற்ற ஒரு திறப்பு வைத்தார்கள். குக்கரில் விசில் வருவதுபோல அந்தத் திறப்பு வழியே தண்ணீர் சுமார் 30 மீட்டர் உயரத்துக்குப் பீறிட்டது. பட்டறைகள் மூடும் நேரம் ஊருக்கே தெரிந்தது. மக்கள் அதைப் பார்க்கக் கூடியதைக் கவனித்த நகராட்சி, பின்னால் அதற்கான தேவை போன பிறகும் விடவில்லை. 1891இல் ஏரி முகப்புக்கு மாற்றி 90 மீட்டராக உயர்த்தியது. இப்போதுள்ள 140 மீட்டர் ஊற்று 1951இல் வந்தது. பழைய நீரேற்று நிலையம் இன்னும் ஆற்றின் நடுவே நிற்கிறது, இப்போது அது நிகழ்ச்சி அரங்கம்.

கிட்டே போய்ப் பார்ப்பதுதான் பார்ப்பது. இடக்கரையில் உள்ள ஓவீவ் பக்கத்துக் கல்பாலத்தில் நடந்து அதன் அடி வரைக்கும் போகலாம். குழாயின் மூக்கிலிருந்து வெளிவரும்போதே தண்ணீருக்குள் காற்றுக் குமிழ்களைக் கலந்துவிடுகிறார்கள், அதனால்தான் அந்தப் பால் வெள்ளை. மேலே போன ஒரு துளி மறுபடி ஏரியைத் தொடப் பதினாறு நொடி ஆகும். அடியில் நின்றால் இரைச்சல் நெஞ்சுக்குள் கேட்கும். காற்று திசை மாறினால் கண் இமைக்கும் நேரத்தில் முழுக்க நனைந்துவிடுவீர்கள், கேமராவைப் பைக்குள் வையுங்கள். பலத்த காற்றிலும் கடும் உறைபனியிலும் ஊற்றை நிறுத்திவிடுவார்கள். ஆகவே முதல் நாள் ஓடிக்கொண்டிருந்தால் அன்றே போய்விடுங்கள்.

அங்கே நிற்கும்போது துறைமுகத் தண்ணீருக்குள் தலைநீட்டும் இரண்டு பாறைகளையும் பாருங்கள். பனியாறு ஒரு காலத்தில் மலையிலிருந்து உருட்டிவந்து விட்டவை. பெயர் நிதோன் பாறைகள். அதில் ஒன்றில் பதித்திருக்கும் வெண்கலக் குறியின் உயரம் 373.6 மீட்டர் என்று வைத்துக்கொண்டு, அதை அடிப்படையாக வைத்தே சுவிட்சர்லாந்தின் அத்தனை மலைகளின் உயரத்தையும் கணக்கிடுகிறார்கள். வரைபடத்தில் பார்க்கும் ஒவ்வொரு சிகரத்தின் எண்ணும் இந்தப் பாறையிலிருந்து தொடங்குகிறது.

கேள்வி: ஏரியில் குளிக்கலாமா? பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வசதியுண்டா?

குளிக்காமல் வரவே கூடாது. ரயில் நிலையம் இருக்கும் வலக்கரையில் பாக்கிக் குளியல்துறை இருக்கிறது. ஏரிக்குள் நீளும் ஒரு தடுப்புக்கரையின் மேல் 1930களில் கட்டியது. 1988இல் இதை இடித்துப் புதிதாகக் கட்டத் திட்டம் வந்தபோது மக்கள் வாக்கெடுப்பு நடத்திக் காப்பாற்றிக்கொண்டார்கள். ஊர்க்காரர்கள் அதை எவ்வளவு சொந்தமாக நினைக்கிறார்கள் என்பதை உள்ளே போனதும் உணர்வீர்கள். வங்கி மேலாளரும், கட்டடத் தொழிலாளியும், பாட்டிகளும், பள்ளிப் பிள்ளைகளும் அதே சிமெண்டுத் தளத்தில் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். கோடையில் நுழைவுக்கு இரண்டு பிராங்க் அளவில்தான் வாங்குகிறார்கள். சிறு பிள்ளைகளுக்கு ஆழமில்லாத பகுதி, உடை மாற்றும் அறைகள், பெண்களுக்கெனத் தனியிடம் எல்லாம் உண்டு. அங்கேயே உள்ள உணவுக்கூடத்தில் அன்றைய சாப்பாடு ஊரின் மற்ற இடங்களைவிட மலிவு. குளிர்காலத்தில் நீராவிக் குளியல் அறைகளைத் திறப்பார்கள். உள்ளே வியர்த்துவிட்டு வெளியே உறையும் ஏரியில் முங்குகிறவர்கள் கூட்டம் அப்போதும் குறையாது.

கோடையில் ஒரு எச்சரிக்கை. வெதுவெதுப்பான ஆழமில்லாத தண்ணீரில் வாத்துகளிலிருந்து வரும் நுண்ணிய ஒட்டுண்ணி தோலில் பட்டு அரிப்பு உண்டாக்கலாம். ஆபத்து இல்லை. கரையேறியதும் அழுத்தித் துடைத்துக் குழாயில் குளித்துவிட்டால் பெரும்பாலும் வராது.

ரோன் ஆற்றில் மிதந்து போவதும் வெயில் காலத்து வழக்கம்தான். இழுப்பு பலமாக இருக்கும். நன்றாக நீச்சல் தெரியாதவர்கள், குழந்தைகள் இறங்க வேண்டாம். இறங்குகிறவர்களும் ஆர்வ் ஆறு வந்து சேரும் இடத்துக்கு முன்பே கரையேறிவிட வேண்டும்.

கேள்வி: படகில் போக எது சரி?

ஊருக்குள் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு மஞ்சளும் சிவப்புமான சிறு படகுகள் ஓடுகின்றன, 1897 முதல். இவை நகரப் போக்குவரத்தின் பகுதி, உங்கள் இலவச அட்டையே சீட்டு. பத்து நிமிடப் பயணம். நீரூற்றை ஏரிப் பக்கமிருந்து பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது. இதைத் தெரியாமல் சுற்றுலாப் படகுக்குப் பணம் கொடுத்துவிடுகிறார்கள் பலர்.

நெடும்பயணத்துக்கு ஸேஜேஎன் நிறுவனத்தின் பெரிய கப்பல்கள். 1904க்கும் 1927க்கும் இடையில் கட்டிய எட்டு பழைய துடுப்புச் சக்கரக் கப்பல்கள் அவர்களிடம் இருக்கின்றன, பெரும்பாலானவை இன்றும் ஓடுகின்றன. அவற்றில் நீராவி எஞ்சின் உள்ள கப்பல் கிடைத்தால் விடாதீர்கள். நடுத்தளத்தில் நின்று கீழே எஞ்சின் அறையைப் பார்க்கலாம். எண்ணெய் பளபளக்கும் இரும்புத் தண்டுகள் மனிதக் கைபோல நீண்டு மடங்குவதைப் பார்த்தபடி என்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்க முடியும். கால அட்டவணையில் பழைய கப்பல்களுக்குத் தனிக் குறி இருக்கும், அதைப் பார்த்து நேரம் குறியுங்கள். நாடு முழுக்க ரயில், பேருந்து, படகுக்குச் செல்லும் ஸ்விஸ் டிராவல் பாஸ் வைத்திருந்தால் தனிச் சீட்டு வேண்டாம்.

எங்கே போவது என்றால், பிரெஞ்சுக் கரையில் உள்ள இவ்வார். கோட்டையும் மதிலும் கல்வீடுகளும் பூச்செடிகளுமாக ஒரு சிறு இடைக்காலக் கிராமம். கப்பலில் போய், திரும்பும்போது இருபது நிமிடத்தில் எதிர்க்கரை நியோனுக்குக் கடந்து, அங்கிருந்து கால் மணி நேர ரயிலில் ஜெனீவா வந்துவிடலாம். நியோனில் ரோமானியர் காலத் தூண்கள் ஏரியைப் பார்த்தபடி நிற்கின்றன.

கேள்வி: பழைய ஊரில் எதைத் தவறவிடக் கூடாது?

சன் பியேர் பேராலயம். கிறித்தவச் சீர்திருத்தத் தலைவர் கால்வின் பிரசங்கம் செய்த இடம், அவர் அமர்ந்ததாகச் சொல்லும் நாற்காலியும் உள்ளே இருக்கிறது. 1536இல் சீர்திருத்தம் வந்தபோது சிலைகளையும் அலங்காரங்களையும் அகற்றிவிட்டதால் உள்ளே வெறும் கல்லும் வெளிச்சமும்தான். சிறு கட்டணம் கட்டி வடக்குக் கோபுரத்தின் 157 படிகளை ஏறினால் ஏரியும் ஊரும் நீரூற்றும் ஒரே பார்வையில் கிடைக்கும். படிகள் குறுகல், முட்டிவலிக்காரர்கள் யோசித்து ஏறுங்கள்.

அதன்பின் லா த்ரேய் நடைபாதைக்கு வாருங்கள். சுமார் 120 மீட்டர் நீளமுள்ள மரப்பெஞ்சு ஒன்று 18ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே இருக்கிறது. அருகில் ஒரு செஸ்ட்நட் மரம். ஆண்டுதோறும் அதன் முதல் இலை விரிந்ததும் மாநில அவையின் செயலர் வசந்தம் வந்துவிட்டதாக முறைப்படி அறிவித்துப் பதிவேட்டில் குறிப்பார். 1818 முதல் இந்தப் பதிவு தொடர்கிறது. ஒரு மரம் பட்டுப்போனால் இன்னொரு மரம் அந்தப் பொறுப்பை ஏற்கும். வசந்தம் மெல்ல மெல்ல முன்னே நகர்ந்து வருவதை இந்த இருநூறு ஆண்டுக் குறிப்புகளே காட்டுகின்றன.

கீழே பஸ்தியோன் பூங்காவில் சீர்திருத்தவாதிகளின் நூறு மீட்டர் நீளச் சுவர் இருக்கிறது. நேரமிருந்தால் பாருங்கள். அதே பூங்காவில் தரையில் வரைந்த கட்டங்களில் இடுப்புயரக் காய்களோடு ஆடும் சதுரங்கம் எனக்கு அதைவிடச் சுவை. சும்மா நின்றால் யாராவது ஆட அழைப்பார்கள்.

கேள்வி: செர்ன் ஆய்வுக்கூடத்தில் நடராஜர் சிலை இருப்பது உண்மையா? பார்க்க முடியுமா?

உண்மை. இரண்டு மீட்டர் உயர வெண்கல நடராஜர். இந்திய அரசின் பரிசாக 2004 ஜூன் 18 அன்று திறக்கப்பட்டது. சோழர் காலத்தில் நம் சிற்பிகள் கண்டு நிறைவாக்கிய வடிவம், பூமிக்கு நூறு மீட்டர் ஆழத்தில் 27 கிலோமீட்டர் வட்டக் குழாயில் அணுத்துகள்களை மோதவிடுகிறவர்களின் முற்றத்தில் நிற்கிறது. படைப்பும் அழிப்பும் ஒரே ஆட்டம் என்ற கருத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. தமிழர்களுக்கு அங்கே நிற்கும்போது வரும் பெருமிதம் நியாயமானது.

ஆனால் சிலை ஆய்வுக்கூட வளாகத்துக்குள் கட்டடங்களுக்கு நடுவே இருக்கிறது, பொதுமக்கள் நேரே நடந்துபோய்ப் பார்க்கும் இடத்தில் இல்லை. அங்கே பணிபுரியும் தெரிந்தவர் யாராவது இருந்தால் முன்கூட்டியே கேட்டுவையுங்கள். சிலை பார்க்கக் கிடைக்காவிட்டாலும் செர்ன் போவது வீண் இல்லை. 2023 அக்டோபரில் திறந்த அறிவியல் வாயில் கண்காட்சி முற்றிலும் இலவசம். திங்கள் விடுமுறை. கோர்னவனிலிருந்து 18ஆம் எண் டிராமில் ஏறிக் கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் எதிரே அதுதான். வழிகாட்டியோடு போகும் சுற்றுக்கு இடம் குறைவு, காலையிலேயே போய்ப் பதிவு செய்யப் பாருங்கள்.

கேள்வி: ஐ.நா. கட்டடத்துக்குள் விடுவார்களா?

வழிகாட்டிச் சுற்றில் விடுவார்கள். இணையத்தில் முன்பதிவு வேண்டும், அசல் கடவுச்சீட்டு வேண்டும். 15ஆம் எண் டிராம். தோட்டத்தில் மயில்கள் உலாவும்.

வாசலுக்கு எதிரே சதுக்கத்தில் ஒரு கால் உடைந்த 12 மீட்டர் மர நாற்காலி நிற்கிறது. கண்ணிவெடிகளுக்கு எதிராக 1997இல் வைத்தது. அந்த நாற்காலியின் அடியில்தான் மனித உரிமைப் பேரவைக் கூட்டம் நடக்கும் காலங்களில் ஐரோப்பா முழுவதிலுமிருந்து ஈழத்தமிழர்கள் வந்து நீதி கேட்டு நிற்கிறார்கள். 2009 பிப்ரவரி 12 அன்று முருகதாசன் என்ற இளைஞர் தீக்குளித்து உயிர்விட்டதும் இந்த வளாகத்தின் முன்னால்தான். படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு நிமிடம் அந்த இடத்தை மதித்து நில்லுங்கள்.

பக்கத்திலேயே செஞ்சிலுவை அருங்காட்சியகம். முதல் உலகப்போரில் பிடிபட்ட வீரர்களைக் குடும்பங்களுக்காகத் தேடிக் கையால் எழுதிய லட்சக்கணக்கான அட்டைகள் அங்கே அடுக்கடுக்காக இருக்கின்றன. பெயர், படைப்பிரிவு, கடைசியாகப் பார்த்த இடம். ஊரில் ஒரே ஒரு அருங்காட்சியகத்துக்குத்தான் நேரம் என்றால் இதற்குப் போங்கள்.

கேள்வி: இரண்டு ஆறுகள் நிறம் மாறாமல் கூடும் இடம் எங்கே?

ழோன்க்சியோன். ஏரியில் வண்டலெல்லாம் படிந்துவிட்டதால் ரோன் தெளிந்து நீலப்பச்சையாக வருகிறது. மோன் பிளான் பக்கத்துப் பனியாறுகள் அரைத்த பாறைத்தூளைச் சுமந்து ஆர்வ் சாம்பலாக வருகிறது. கூடுதுறையில் இரண்டும் கோடு கிழித்தாற்போல் கொஞ்ச தூரம் அடுத்தடுத்து ஓடும். மேலேயுள்ள ரயில் பாலத்தின் நடைபாதையிலிருந்து பாருங்கள். பனி உருகும் கோடையில் வேறுபாடு அதிகம் தெரியும்.

கேள்வி: மோன் பிளான் சிகரம் தெரியுமா?

வானம் தெளிந்தால் வலக்கரையிலிருந்தே வெள்ளையாகத் தெரியும். அடிவாரத்துக்கே போக ஷாமொனிக்குப் பேருந்து உண்டு, ஒன்றே கால் மணி முதல் ஒன்றரை மணி நேரம். அரை நாள்தான் இருக்கிறது என்றால் சலேவ் மலை. 8ஆம் எண் பேருந்தில் வேரியே எல்லை வரை போய், நடந்து எல்லையைத் தாண்டி, கம்பிவட வண்டியில் ஏறினால் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருப்பீர்கள். குளிர்கால மேகமூட்டத்தில் ஊரே இருண்டு கிடக்கும்போது மேலே பளீரென்று வெயில் அடிக்கும் நாட்கள் பல.

கேள்வி: சைவர்களுக்குச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும். ரயில் நிலையத்துக்கும் ஏரிக்கும் இடையில் உள்ள பாக்கி வட்டாரத்தில் இந்திய உணவகங்களும் ஆசிய மளிகைக் கடைகளும் இருக்கின்றன. உள்ளூர் உணவில் ஃபோன்டியூ இறைச்சி இல்லாததுதான், ஆனால் வெள்ளை ஒயின் ஊற்றி உருக்கிய பாலாடைக்கட்டி அது. மது தொடாதவர்கள் ராக்லெட் கேளுங்கள். உருக்கிய பாலாடைக்கட்டியும் அவித்த உருளைக்கிழங்கும், நம் நாக்குக்கு அதுவே ஒத்துவரும். பாலாடைக்கட்டியை உறைய வைக்க விலங்குச் சாறு சேர்ப்பதுண்டு, கண்டிப்பான சைவர்கள் கேட்டுச் சாப்பிடுவது நல்லது. மீன் உண்பவர்கள் ஏரிக்கரையில் பெர்ச் மீன் துண்டுகள் எங்கும் விற்பதைப் பார்ப்பீர்கள். பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரும் மீன்தான். இந்த ஏரியின் மீன்தான் வேண்டும் என்றால் கேளுங்கள், பட்டியலில் மீன் எங்கிருந்து வந்தது என்று போட்டிருக்கும்.

கேள்வி: மொழி, மின்செருகி, ஞாயிற்றுக்கிழமை?

பிரெஞ்சு ஊர், ஆங்கிலம் பரவலாகப் புரியும். கடைக்குள் நுழையும்போது ‘போன்ழூர்’ சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள், சொல்லாமல் கேட்டால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள். சுவர்ச் செருகி தனி வகை, அதற்கான அடாப்டர் வாங்கிப் போங்கள். ஞாயிறு கடைகள் மூடியிருக்கும். ரயில் நிலையத்திலும் விமான நிலையத்திலும் உள்ள பேரங்காடிகள் மட்டும் திறந்திருக்கும், அன்று அங்கே வரிசையும் நீளம்.

கேள்வி: கடைசி நாள் விமானம் மாலையில். அதுவரை என்ன செய்யலாம்?

பெட்டியை ஓட்டலிலோ கோர்னவன் நிலையத்தின் பூட்டறைகளிலோ வைத்துவிட்டு ஏரிக்கு நடந்துவிடுங்கள், பத்து நிமிடம்தான். கோடை என்றால் இன்னொரு குளியல். இல்லாவிட்டால் மஞ்சள் படகில் ஓவீவுக்குப் போய், கிராஞ்ச் பூங்காவில் ரோஜாத் தோட்டம் வரை நடக்கலாம். சாக்லேட்டை நிலையத்துப் பேரங்காடியிலேயே வாங்குங்கள், விமான நிலையத்து அலங்காரப் பெட்டிகளைவிட விலை குறைவு. கோர்னவனிலிருந்து விமான நிலையத்துக்கு ரயில் ஏழு நிமிடம், அடிக்கடி உண்டு. ஆனால் பனிச்சறுக்குக் காலத்துச் சனிக்கிழமைகளில் விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை வரிசை மிக நீளமாகிவிடும், அன்று மட்டும் மூன்று மணி நேரம் முன்பே போய்விடுங்கள்.